ராபின் ஓல்ட்ஸ்: 22 வயதில் ஸ்குவாட்ரன் தலைவர், 44 வயதில் கத்துக்குட்டி

சுருளிமலை:

கொஞ்ச நாளாக இந்தப் பக்கம் எந்த ஏவுகணை எத்தனை கிலோமீட்டர் போகும், எந்த ரேடார் யாரை முதலில் பார்க்கும் என்றே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். ஓட்டுகிற ஆளைப் பற்றி ஒருத்தரும் எழுதக் காணோம். அதனால் எனக்குப் பிடித்த ஒருவரை இழுத்து வருகிறேன். அமெரிக்க விமானப்படையின் ராபின் ஓல்ட்ஸ். இரண்டாம் உலகப் போரில் 12 விமானங்களை வீழ்த்தினார், வியட்நாமில் 4, ஆக மொத்தம் 16. இரண்டுக்கும் நடுவே இருபது வருஷத்துக்கு மேல் இடைவெளி. நடுவில் வந்த கொரியப் போருக்குப் போகிறேன் என்று மனு மேல் மனுவாகப் போட்டுப் பார்த்தார், அனுப்பவில்லை.

பிறந்தது 1922, ஹொனலூலுவில். அப்பா ராபர்ட் ஓல்ட்ஸும் விமானப்படைக்காரர்தான், அதிலும் குண்டுவீச்சு விமானம் இருந்தால் போதும், போரையே முடித்துவிடலாம் என்று நம்பிய கூட்டத்தில் முக்கியமானவர். மகனுக்கு எட்டு வயதாக இருக்கும்போதே திறந்த காக்பிட் விமானத்தில் உட்காரவைத்துப் பறந்தார். பையன் வளர்ந்து அப்பாவுக்குப் பிடித்த பெரிய விமானத்தை விட்டுவிட்டு, வானத்தில் சண்டை போடும் சின்ன விமானமான ஃபைட்டருக்குப் போனான். வீட்டுக்கு வீடு இதே கதைதான். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் படிக்கும்போது அமெரிக்கக் கால்பந்தில் தேசிய அளவில் பேர் வாங்கினார், 1942இல் ஆல்-அமெரிக்கன் தேர்வு. மறு வருஷம் ஜூனில் பட்டம். அதைப் பார்க்க அப்பா இல்லை, ஏப்ரலிலேயே போய்விட்டார்.

1944 மே மாதம் இங்கிலாந்தில் வாட்டிஷம் தளத்துக்கு வந்தார், 479ஆவது ஃபைட்டர் குரூப், இரட்டை இன்ஜின் பி-38 லைட்னிங். ஆகஸ்ட் 14 அன்று முதல் இரண்டு விமானங்கள். அப்புறம் ஆகஸ்ட் 25. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். ஜெர்மனிக்கு மேலே எதிரியின் பெரிய கூட்டம் ஒன்று, நாற்பது ஐம்பது மெஸ்ஸர்ஷ்மிட்கள், இவரும் கூட வந்த விமானமும் மட்டும் அதன் பின்னால் போய்ச் சேர்கிறார்கள். வெளியே தொங்கும் பெட்ரோல் டாங்கைக் கழற்றிவிட்டார், ஆனால் உள் டாங்குக்கு மாற்ற மறந்துவிட்டார். சுடப்போகிற அந்த நொடியில் இரண்டு இன்ஜினும் நின்றுபோயின. வண்டியில் ரிசர்வ் திருப்ப மறந்து மேம்பாலத்து நடுவில் நிற்போமே, அதுதான், ஆனால் சுற்றிலும் ஹாரன் அடிக்கிறவர்களுக்குப் பதில் ஐம்பது ஜெர்மன்காரர்கள். மனிதர் அப்படியே மிதந்துகொண்டே சுட்டார். பட்டது. அதற்குப் பிறகுதான் டாங்கை மாற்றி இன்ஜினை உயிர்ப்பித்தார். அன்றைக்கு மட்டும் மூன்று, குரூப்பின் முதல் ஏஸ், அதாவது ஐந்து விமானம் வீழ்த்தியவர், அவர்தான்.

பிறகு பி-51 மஸ்டாங்குக்கு மாறினார்கள். 1945 மார்ச்சில் அந்தக் குரூப்பில் ஒரு பிரிவான 434ஆவது ஸ்குவாட்ரனின் தலைமை கைக்கு வந்தபோது வயது 22, பதவி மேஜர். நம் ஊரில் அந்த வயதில் அரியர் எழுதிக்கொண்டிருப்போம்.

போருக்குப் பிறகான காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவருக்கே அது பிடித்த காலமில்லை. புது ஜெட் பி-80இல் வித்தை காட்டினார். 1947இல் ஹாலிவுட் நடிகை எல்லா ரெய்ன்ஸைக் கல்யாணம் செய்தார். பிரிட்டனுக்குப் பரிமாற்றத்தில் போய் டாங்மியரில் அவர்களின் 1ஆம் எண் ஸ்குவாட்ரனுக்கே தலைவரானார். அமைதிக் காலத்தில் ஒரு வெளிநாட்டுக்காரர் பிரிட்டிஷ் ஸ்குவாட்ரனுக்குத் தலைமை வகித்தது அதுதான் முதல் தடவை. அப்புறம் பென்டகனில் மேஜை வேலை. அணுகுண்டையே நம்பி உட்கார்ந்திருக்கிறோம், சாதாரணக் குண்டும் நெருக்கச் சண்டைப் பயிற்சியும் போய்விட்டன என்று அங்கே எழுதி எழுதி எல்லோருக்கும் தலைவலி ஆனார்.

வியட்நாம் பகுதியை ராத்திரி எழுதுகிறேன். சோறு கூப்பிடுகிறது.

ரன்வே 27:

அண்ணே, ஒரே ஒரு கேள்வி. வியட்நாமில் 4 என்கிறீர்கள். 5 இருந்தால்தானே ஏஸ்? ஒன்றில் விட்டுவிட்டாரா, அல்லது ஊருக்கு அனுப்பிவிட்டார்களா? அங்கே அவர் ஓட்டிய எஃப்-4ஐ நான் சிமுலேட்டரில் ஓட்டுகிறவன், அந்த விமானத்தில் எதிரியின் ரஷ்ய மிக்-21 ஒன்றைப் பிடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடும்.

பழைய ஆர்மரர்:

தம்பி ரன்வே, அதைச் சுருளிமலை சொல்லட்டும், கதையின் நடுவில் நான் மூக்கை நுழைக்கவில்லை. ஆனால் ஏவுகணை விஷயத்தில் நுழைப்பேன், அது என் பிழைப்பு.

நான் எழுபதுகளின் கடைசியில் நம் விமானப்படையில் ஆர்மமென்ட் பிரிவில் சேர்ந்தேன். மிக்-21இன் இறக்கையில் கே-13 என்ற ரஷ்ய ஏவுகணையை மாட்டுவது, கழற்றுவது, மறுபடி மாட்டுவது. அந்த கே-13 எங்கிருந்து வந்தது தெரியுமா? 1958இல் தைவான் ஜலசந்தியில் நடந்த சண்டையில் அமெரிக்க சைட்வைண்டர் ஏவுகணை ஒன்று சீன மிக்-17இன் உடம்பில் குத்தி வெடிக்காமல் அப்படியே நின்றுவிட்டது. அந்த விமானம் அதைச் சுமந்துகொண்டே தளத்துக்குத் திரும்பியது. சீனாக்காரர்கள் அதை ரஷ்யாவுக்குக் கொடுத்தார்கள், ரஷ்யாக்காரர்கள் பிரித்துப் பார்த்து அச்சாகச் செய்தார்கள். அதனால் வியட்நாம் வானத்தில் ஓல்ட்ஸ் கையில் இருந்ததும் எதிரே வந்த மிக்-21 கையில் இருந்ததும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

இரண்டுக்கும் நோயும் ஒன்றுதான். பின்பக்கம் போய் இன்ஜின் சூட்டைக் காட்டினால்தான் பிடிக்கும். வெயில் பக்கம் திரும்பினால் சூரியனைத் துரத்தும், வெளுத்த மேகத்தைப் பார்த்தாலும் ஏமாறும்.

சுருளிமலை:

வந்துவிட்டேன். ஆர்மரர் ஐயா, அந்த 1958 கதையைத் தொட்டதற்கு நன்றி, நான் மறந்தே போனேன்.

சரி, வியட்நாம். அதற்கு முன்னால் ஒரு குறும்பு. அறுபதுகளின் நடுவில் இங்கிலாந்தில் பென்ட்வாட்டர்ஸ் தளத்தில் ஒரு விங்குக்கு, அதாவது பல ஸ்குவாட்ரன் சேர்ந்த பெரிய பிரிவுக்கு, தலைவராக இருந்தார். அங்கே எஃப்-101 விமானங்களை வைத்து மேலிடத்தில் அனுமதி வாங்காமலே ஒரு வித்தைக் குழு ஏற்பாடு செய்து பொதுமக்கள் முன் பறந்து காட்டினார். மேலதிகாரி கொதித்துப்போய்ப் பதவி உயர்வுப் பட்டியலில் இருந்து பெயரை அடித்துவிட்டார். ஜெனரல் ஆகிவிட்டால் சண்டைக்கு அனுப்ப மாட்டார்கள், அதற்காகவே அப்படிச் செய்தேன் என்று ஓல்ட்ஸ் பின்னால் சொல்லியிருக்கிறார். எனக்கு அதில் பாதி நம்பிக்கை. மீதிப் பாதி, மனிதருக்கு அந்த வித்தையில் ஆசை.

1966 செப்டம்பர் கடைசியில் தாய்லாந்தின் உபோன் தளத்துக்கு 8ஆவது டாக்டிகல் ஃபைட்டர் விங்கின் தலைவராக வருகிறார். வயது 44, கர்னல். முன்பிருந்தவர் அபூர்வமாகத்தான் பறந்தார், விங் சோர்ந்துபோய்க் கிடந்தது. இவர் வந்ததும் பறக்கும் பட்டியலில் தன் பெயரைப் புது ஆளாகப் போடச் சொன்னார். அதாவது, தனக்குக் கீழே வேலை பார்க்கும் கேப்டன் முன்னால் போவார், விங் தலைவர் அவர் பின்னால் கடைசி விமானத்தில் வாலாகப் போவார். எனக்குச் சொல்லிக்கொடுங்கள், நான் கற்றுக்கொள்கிறேன், ஆனால் சீக்கிரமே உங்களைவிட நன்றாகப் பறப்பேன், உஷாராக இருங்கள் என்கிற தோரணை. 16 கொலைக்கணக்கை எல்லோரும் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்த ஆளின் பெரிய காரியம் இதுதான். பன்னிரண்டு விமானம் வீழ்த்திய ஒருத்தன், இருபது வயசுப் பையனிடம் போய் இந்த ரோட்டில் எங்கே குழி இருக்கிறது என்று கேட்பது லேசான விஷயமில்லை. என் ஆபீசில் புதுசாக வந்த மேனேஜர் ஒரு எக்செல் ஷீட்டைத் திறக்கத் தெரியாததை மறைக்க மூன்று மாதம் நாடகம் ஆடினார்.

அப்புறம் ஆபரேஷன் போலோ. போலோ என்பது பிலிப்பைன்ஸ் நாட்டு அரிவாள்.

அப்போதைய நிலைமை இது. குண்டு சுமந்து போகும் எஃப்-105 விமானங்களை மிக்-21கள் வந்து கடித்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தன. மிக் நிற்கும் தளங்களில் குண்டு போட வாஷிங்டன் அனுமதிக்கவில்லை, அந்தத் தடை 1967 ஏப்ரல் வரை இருந்தது. ஆகவே வீட்டில் போய் அடிக்க முடியாது, வெளியே வரவைக்க வேண்டும். ஓல்ட்ஸும் ஜே. பி. ஸ்டோன் என்ற கேப்டனும் மற்றவர்களும் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். எஃப்-4 விமானங்களை எஃப்-105 மாதிரி நடிக்கவைப்பது. அதே வழி, அதே உயரம், அதே வேகம், அதே இடத்தில் பெட்ரோல் நிரப்புவது, ரேடியோவில் அதே மாதிரி கார் பெயர்கள். ஃபோர்ட், ராம்ப்ளர், ஓல்ட்ஸ். கடைசியாகச் சொன்னது ஓல்ட்ஸ்மொபைல் கார், ஆனால் தலைவர் பெயரும் அதுவாகவே அமைந்துவிட்டது. எஃப்-105கள் ரேடாரைக் குழப்ப ஒரு ஜாமர் பெட்டி மாட்டிக்கொண்டு போகும், எஃப்-4களில் அது கிடையாது. அதையும் கடன் வாங்கி மாட்டினார்கள். ரேடார் திரையில் பார்க்கிறவனுக்கு வழக்கமான குண்டு வண்டிகள் வருவதுபோலவே தெரிய வேண்டும்.

1967 ஜனவரி 2. கீழே முழுக்க மேக மூட்டம். மிக்குகள் நிற்கும் ஃபுக் யென் தளத்துக்கு மேலே ஓல்ட்ஸ் முதலில் போய் நிற்கிறார், யாரையும் காணோம். திரும்பி வரும்போது மேகத்தைக் கிழித்துக்கொண்டு மிக்-21கள் ஒவ்வொன்றாக மேலே வருகின்றன. கால் மணி நேரம்கூட இல்லை. 12 எஃப்-4கள் சண்டையில் இருந்தன, ஏழு மிக்-21களை வீழ்த்தியதாகக் கணக்கு, தங்கள் பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை. அப்போது வட வியட்நாமிடம் இருந்த மிக்-21 மொத்தமே பதினாறு பக்கம்தான் என்பது அமெரிக்கக் கணிப்பு.

ஓல்ட்ஸ் முதல் மிக் மேல் விட்ட ஏவுகணைகள் எல்லாம் வீண். சைட்வைண்டருக்கு ஆர்மரர் ஐயா சொன்ன நோய்தான். அடுத்த மிக் இடது பக்கம் வெட்டித் திரும்பியது. எஃப்-4 கனமான வண்டி, அதே வட்டத்தில் திரும்பினால் தோற்றுவிடும். அதனால் மூக்கை மேலே தூக்கி, வலது பக்கமாக உருண்டு, தலைகீழாக மிக்கின் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டு அது வட்டத்தை முடிக்கும்வரை காத்திருந்தார். முடித்ததும் அதன் பின்னால் இறங்கினார். இரண்டு சைட்வைண்டர். ஒரு இறக்கை பிய்ந்தது. பின் இருக்கையில் இருந்தவர் சார்லஸ் கிளிஃப்டன் என்ற லெப்டினன்ட்.

ரன்வே தம்பி, உன் கேள்விக்கு வருகிறேன். மே 4இல் இன்னொரு மிக்-21, மே 20இல் ஒரே நாளில் இரண்டு மிக்-17. நான்கு ஆயிற்று. ஐந்தாவது வீழ்த்தினால் வியட்நாமின் முதல் ஏஸ் என்று ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய் மேடை மேடையாக ஏற்றுவார்கள், விங்கைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரிந்துபோனது. அதன் பிறகு வாய்ப்பு வந்தபோதெல்லாம் வேண்டுமென்றே விட்டுவிட்டேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். அமெரிக்காவுக்கு அந்தப் போரில் முதல் ஏஸ் கிடைக்க 1972 மே வரை ஆனது, அதுவும் கடற்படை ஆள், ராண்டி கன்னிங்ஹாம்.

வேப்பமரம்:

எழுத்து நன்றாக ஓடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன்.

ஒன்று, அந்த ஏழு. வட வியட்நாம் தரப்பு ஒத்துக்கொண்டது ஐந்து. ஐந்து விமானிகளும் பாராசூட்டில் குதித்துத் தப்பித்தார்கள். அவர்களில் சிலர் பிற்பாடு அமெரிக்க விமானங்களை வீழ்த்தி அவர்கள் பக்கத்து ஏஸ் ஆனார்கள். அன்று அடிபட்ட கூட்டம் சில மாதம் ஒதுங்கிப் பயிற்சி எடுத்துத் திரும்பி வந்தது. அந்தப் பாதிக் கதையை யாரும் எழுதுவதில்லை. சொந்த ஊரின் மேல் குண்டு போட வருகிறவனைத் தடுக்க ஏறியவர்கள் அவர்கள்.

இரண்டு, ஐந்தாவது விமானத்தை வேண்டுமென்றே விட்டார் என்பது. சொன்னது அவரே, சாட்சியும் அவரே. என் தாத்தா பிடிக்காமல் விட்ட மீன்தான் எப்போதும் பெரிய மீன்.

மூன்று, இது விளையாட்டுப் போட்டி இல்லை. 1965 மார்ச்சில் இருந்து 1968 வரை அந்த நாட்டின் மேல் குண்டு கொட்டினார்கள். கீழே யார் இருந்தார்கள் என்று இந்த இழையில் இதுவரை ஒரு வரிகூட இல்லை.

சுருளிமலை:

வேப்பமரம் அக்கா, ஐந்து என்பது சரி. நான் "கணக்கு" என்று எழுதியது அதனால்தான், ஆனால் ஐந்தையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும், என் தவறு. இரண்டு பக்கமும் காற்றில் எண்ணினால் கூடத்தான் வரும், எல்லாப் போரிலும் இதே. இரண்டாவது, நீங்கள் நம்பவில்லை, நான் பாதி நம்புகிறேன், பிழைத்துப் போகட்டும். மூன்றாவதற்கு என்னிடம் பதில் இல்லை.

நிலவழகி:

அக்கா சொன்னதை ஒட்டி ஒன்று. நான் சில வருடம் முன் ஹனோய் போனேன், அலுவலக வேலையாக. ஞாயிற்றுக்கிழமை லாங் பியன் பாலத்தில் நடந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் 1902 வாக்கில் கட்டிய இரும்புப் பாலம், அப்போது பால் டூமெர் பாலம் என்று பெயர், செந்நதிக்கு மேலே. நடுவில் தண்டவாளம், இரண்டு ஓரமும் மோட்டார் சைக்கிள்கள். சில இடத்தில் மேலே வளைந்து எழும்பும் பழைய இரும்பு வேலைப்பாடு அழகாக இருக்கும், திடீரென்று அது நின்று தட்டையான சாதாரணச் சட்டம் வரும், மறுபடி பழையது. கூட வந்த உள்ளூர்ப் பெண்ணிடம் ஏன் இப்படி என்று கேட்டேன். குண்டு விழுந்த இடம் என்று கீழே தண்ணீரைக் காட்டினாள், அவ்வளவுதான், அதற்கு மேல் பேசவில்லை. ஓரத்தில் ஒரு அம்மா சோளம் சுட்டு விற்றுக்கொண்டிருந்தார்.

வந்து படித்தபோதுதான் தெரிந்தது. 1967 ஆகஸ்ட் 11 அன்று அந்தப் பாலத்தை அடித்த படையில் உங்கள் ஓல்ட்ஸும் இருந்தார். எட்டு எஃப்-4களை வழிநடத்திப் போனதற்குத்தான் அவருக்கு ஏர் ஃபோர்ஸ் கிராஸ், அவர்களின் விமானப்படையில் இரண்டாவது பெரிய விருது. ரயில் பாதையின் ஒரு கண்ணும் சாலையின் இரண்டு கண்களும் ஆற்றில் விழுந்தன. சில வாரங்களில் வியட்நாம்காரர்கள் சரிசெய்து ரயில் விட்டார்கள். மறுபடி அடித்தார்கள். மறுபடி கட்டினார்கள்.

அந்த விருதுக்கும் அந்தச் சோளத்துக்கும் நடுவே என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

பழைய ஆர்மரர்:

நல்ல பதிவு அம்மா.

நான் மறுபடி என் பக்கத்துக்கு வருகிறேன். சுருளிமலை ஒரே வரியில் "கடன் வாங்கி மாட்டினார்கள்" என்று தாண்டிவிட்டார். ஐயா, எஃப்-105 இறக்கைக்குச் செய்த ஜாமர் பெட்டி எஃப்-4 இறக்கையில் அப்படியே உட்காராது. கொக்கி வேறு, வயரிங் வேறு, இடை அடாப்டர் வேண்டும். உபோனில் தரைப்பணியாளர்கள் ராத்திரி பூராவும் கண் விழித்து ஒவ்வொரு விமானமாக மாட்டினார்கள். எதற்காக என்று அவர்களிடம் முழுசாகச் சொல்லவும் முடியாது, ரகசியம் வெளியே போய்விடும். காலையில் விமானம் போய்விடும், இவர்கள் வெறும் டார்மாக்கைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். நான் நின்றிருக்கிறேன். போனது எட்டு என்றால் எட்டு சத்தம் திரும்பி வருகிறவரை டீ இறங்காது.

இன்னொன்று, ஃபால்கன் கதை. 1967 நடுவில் புது எஃப்-4டி வந்தது, அதில் சைட்வைண்டருக்குப் பதில் ஃபால்கன் என்ற ஏவுகணை. அதன் கண்ணைக் குளிரவைத்தால்தான் சூட்டைத் தேடும், குளிர்விக்கும் சரக்கோ இரண்டு நிமிஷத்துக்குத்தான் வரும். சண்டையில் எப்போது தேவைப்படும் என்று இரண்டு நிமிஷம் முன்னால் யாருக்குத் தெரியும்? தவிர, நேராகப் போய் முட்டினால்தான் வெடிக்கும், பக்கத்தில் போனால் வெடிக்காது. ஜூன் 5 அன்று ஓல்ட்ஸ் நான்கையும் விட்டுப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. இறங்கியதும் எல்லாவற்றையும் கழற்று, வயரிங்கை மாற்று, பழைய சைட்வைண்டரை மாட்டு என்றார். மேலிட உத்தரவு வரும்வரை காத்திருக்கவில்லை. இப்படி ஒரு தலைமை அதிகாரி கிடைத்தால் ஆர்மமென்ட் ஆட்கள் கோவில் கட்டுவார்கள். எனக்குக் கிடைத்தவர்களில் ஒருவர் மட்டும் அப்படி, மற்றவர்களைப் பற்றிப் பென்ஷன் வாங்குகிறவன் பேசக் கூடாது.

பீரங்கி இல்லாத குறையும் அங்கே இருந்தது. நெருக்கச் சண்டையே இனி வராது, ஏவுகணை போதும் என்று நினைத்து எஃப்-4இல் துப்பாக்கியே வைக்காமல் விட்டார்கள். சிரிக்காதீர்கள், நம் மிக்-21எஃப்எல் வந்தபோதும் அதில் துப்பாக்கி கிடையாது. அப்புறம் வயிற்றுக்கு அடியில் ஜிபி-9 என்ற பெட்டியில் இரட்டைக் குழல் பீரங்கியைத் தொங்கவிட்டோம். 1971 டிசம்பரில் மேற்கு முனையில் பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் விமானத்தை வீழ்த்த அது கை கொடுத்தது. அமெரிக்காக்காரன் செய்த அதே தப்பை ரஷ்யாக்காரனும் செய்தான், திருத்தியதும் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே சமயம்.

ரன்வே 27:

ஐயா, நீங்கள் தனி இழை ஒன்று ஆரம்பியுங்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அப்புறம், அந்த மீசையைப் பற்றி யாருமே பேசவில்லையே? படத்தைப் பார்த்தால் மீசைதான் முதலில் தெரிகிறது. மெழுகு போட்டு முறுக்கிய மீசை, நம் அபிநந்தன் மீசைக்குத் தாத்தா.

சுருளிமலை:

மீசையை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன், கெடுத்துவிட்டாயே.

அமெரிக்க விமானப்படை விதிப்படி அப்படிப்பட்ட மீசை கூடாது. அதனாலேயே வளர்த்தார். வாஷிங்டனில் உட்கார்ந்துகொண்டு எந்தக் குண்டை எங்கே எப்போது போட வேண்டும் என்று சொல்லும் ஆட்களுக்கு அவர் நடுவிரலைக் காட்ட முடியாது, மீசையைக் காட்டினார். போட்டோவில் பிரதி உத்தரம் பேச முடியாத இடத்தில் மீசை பேசும் என்பது அவர் கட்சி. பையன்களும் வளர்க்க ஆரம்பித்தார்கள். 1967 செப்டம்பர் 23, கடைசிப் பறப்பு, மொத்தம் வியட்நாமில் 152. இறங்கியதும் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஊர் திரும்பி விமானப்படைத் தலைவர் ஜெனரல் மக்கானலைப் பார்க்கப் போகிறார். அவர் கிட்டே வந்து மூக்குக்குக் கீழே விரலை வைத்து, எடு என்கிறார். இவர், சரி சார். முடிந்தது. இன்றைக்கும் அந்த ஊர் விமானப்படையில் மார்ச் மாதம் மீசை வளர்ப்பது ஒரு வழக்கம், மீசை மார்ச் என்றே பெயர், அவர் நினைவாக.

மதுரை பொன்னையா:

எல்லோரும் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறீர்கள். நான் போலீசில் இருந்து ஓய்வு பெற்றவன். அனுமதி இல்லாமல் விமான வித்தை, விதிக்கு மாறாக மீசை, உத்தரவு வரும் முன்னே ஏவுகணை மாற்றம். இதையே ஒரு சார்ஜென்ட் செய்திருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். விங் தலைவர் செய்தால் வீரம். கீழே இருக்கிறவன் அதைப் பார்த்து என்ன கற்றுக்கொள்வான்?

சுருளிமலை:

பொன்னையா சார், நியாயமான கேள்வி. கீழே இருக்கிறவன் விதியை மீறினால் அவர் என்ன செய்தார் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது.

1967 மார்ச் 10. அவர் விங்கைச் சேர்ந்த இரண்டு எஃப்-4கள் அடிபட்டுத் திரும்புகின்றன. ஏர்ல் ஏமன் என்பவரின் விமானத்தில் பெட்ரோல் ஒழுகித் தீர்ந்துவிட்டது, அங்கேயே குதித்தால் எதிரி கையில் சிக்க வேண்டும். கூடவே வந்த பாப் பார்டோ, உன் வாலில் இருக்கும் கொக்கியை இறக்கு என்றார். அந்தக் கொக்கியைத் தன் காக்பிட் கண்ணாடியில் முட்டுக்கொடுத்து, நின்றுபோன விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளினார். பஞ்சரான ஆட்டோவை இன்னொரு ஆட்டோக்காரர் காலை நீட்டித் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதையே ஆகாயத்தில் செய்தார். கண்ணாடி விரிசல் விட்டது, இடத்தை மாற்றி மறுபடி தள்ளினார், கொக்கி நழுவிக்கொண்டே இருந்தது, இவருடைய இன்ஜின் ஒன்றில் தீ வேறு. லாவோஸ் எல்லையைத் தாண்டிய பிறகு நான்கு பேரும் குதித்தார்கள், நான்கு பேரையும் மீட்டார்கள்.

மேலிடம் பாராட்டவில்லை. காப்பாற்றியிருக்க வேண்டிய ஒரு விமானத்தைத் தொலைத்ததற்கு ராணுவ நீதிமன்றம் என்று பேச்சு வந்தது. ஓல்ட்ஸ் குறுக்கே நின்று தடுத்தார் என்று பார்டோவே சொல்லியிருக்கிறார். பதக்கம் கொடுக்க மட்டும் 1989 வரை ஆனது.

மதுரை பொன்னையா:

சரி, இதை ஏற்றுக்கொள்கிறேன். மீசையை ஏற்றுக்கொள்ளவில்லை.

வேப்பமரம்:

அவர் கூட்டிவந்த துணைத்தலைவரை மறந்துவிட்டீர்கள். டேனியல் ஜேம்ஸ், எல்லோரும் சாப்பி என்பார்கள், கறுப்பர். 1966இல் அமெரிக்காவில் நிறம் என்ன நிலையில் இருந்தது என்று தெரியும்தானே. போலோவில் ஃபோர்ட் குழுவுக்கு அவர்தான் தலைமை. 1975இல் நான்கு நட்சத்திர ஜெனரல் ஆனார், கறுப்பர்களில் முதல் ஆள். ஓல்ட்ஸ் ஒரு நட்சத்திரத்தோடு நின்றுவிட்டார், துணைக்கு வந்தவர் நான்கு வரை போனார். எனக்கு அந்தப் பகுதிதான் பிடித்தது.

குமரிக்கடல்:

இரண்டு போர், பெரிய விருது என்றதும் நம் ஆட்கள் இருவர் நினைவுக்கு வந்தார்கள். மகாவீர் சக்கரத்தை இரண்டு முறை வாங்கியவர்கள் முப்படையிலும் சேர்த்து ஆறே பேர். அதில் விமானப்படைக்காரர்கள் ஜக் மோகன் நாத், பத்மநாப கௌதம். நாத்துக்கு 1962, 1965. கௌதமுக்கு 1965, 1971. இருவரும் ஓட்டியது கான்பெரா என்ற ஜெட் விமானம். ஒருவர் ஆயுதமே இல்லாத கான்பெராவில் எதிரி நாட்டுக்கு மேலே போய் வெறும் போட்டோ எடுத்து வந்தார், மற்றவர் குண்டு வீசினார். கௌதம் போரில் தப்பி, 1972இல் மிக்-21 விபத்தில் இறந்தார். ஏஸ் கணக்கில் இவர்கள் வர மாட்டார்கள். சுருளிமலை, அடுத்து நாத்தை எழுதுங்கள்.

ஓல்ட்ஸ் கடைசியில் என்ன ஆனார்?

சுருளிமலை:

நாத், எழுதுகிறேன், சத்தியம்.

ஓல்ட்ஸைக் கொலராடோவில் விமானப்படை அகாடமிக்கு அனுப்பினார்கள், மாணவர்களுக்குப் பொறுப்பாளராக. 1968இல் பிரிகேடியர் ஜெனரல். அப்புறம் விபத்து நடக்காமல் பார்க்கும் விமானப் பாதுகாப்புத் துறை. அந்த வேலையாகத் தாய்லாந்துத் தளங்களைச் சுற்றிப் பார்த்தவர், பையன்களுக்கு நெருக்கச் சண்டை மறந்துபோய்விட்டது, மிக் வந்தால் அடி வாங்குவார்கள் என்று எழுதிக் கொடுத்தார். கேட்கவில்லை. 1972இல் விமானங்கள் விழ ஆரம்பித்தன. என் நட்சத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், கர்னலாக இறங்கிப் போகிறேன், விங்கைக் கொடுங்கள் என்றார். கொடுக்கவில்லை. 1973 ஜூனில் ஓய்வு. கொலராடோ மலைப்பக்கம் ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸில் பனிச்சறுக்கு விட்டுக்கொண்டு இருந்தார். 2007 ஜூன் 14 அன்று 84 வயதில் காலமானார்.

ஒரு சின்ன விஷயம் விட்டுப்போனது. அவர் ஓட்டிய விமானங்கள் எல்லாவற்றுக்கும் ஸ்காட் என்றே பெயர். ஸ்காட் 2, ஸ்காட் 3 என்று போய் வியட்நாமில் ஸ்காட் 27 ஆயிற்று. வெஸ்ட் பாயின்ட்டில் அவரோடு அறையில் இருந்த நண்பனின் பட்டப்பெயர் அது. கண் பார்வை போதாமல் விமானி ஆக முடியாமல் போனவன். அவனையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று எழுதியதாம். ஸ்காட் 27 இப்போது ஒஹாயோ மாநிலம் டேட்டனில் விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

மதுரை பொன்னையா:

என் மகள் கொலம்பஸில்தான் இருக்கிறாள், டேட்டன் ஒன்றரை மணி நேரம் என்கிறாள். மே மாதம் பேரனைப் பார்க்கப் போகிறேன். ஏதாவது குறிப்பாகப் பார்க்க வேண்டுமா?

பழைய ஆர்மரர்:

சார், முடிந்தால் இறக்கைக்கு அடியில் ஏவுகணை மாட்டும் இடத்தைக் கிட்டத்தில் ஒரு படம். எல்லோரும் மூக்கைத்தான் எடுக்கிறார்கள்.